சேவலும் காதனும்

குலுக்கலில் முதல் பரிசு விழுந்தபோது நெல்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வருஷா வருஷம் நடத்தும் மீன் விருந்து அது. இரண்டாம் பரிசு, ஆள் நீளத்துக்கு ஒரு குளிர்பெட்டி. அதை வைப்பதற்காகவே மூன்று வாரமாகப் பின்வராந்தாவில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் வாரிக் கொட்டி இடம் ஒழித்து வைத்திருந்தாள். குளிர்பெட்டி எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. நெல்டாவின் கையில் ஒன்பதடி நீளத்தில் மெல்லிசாக ஒரு கழியும், ஒரு சுருள் தடித்த மஞ்சள் நூலும், இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய நாலு பொய் ஈக்களும் வந்து சேர்ந்தன. ஈத்தூண்டில்.

"இத வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று புருஷனைக் கேட்டாள்.

ஹாலிஸ் முப்பது வருஷம் பைன்மர லாரி ஓட்டியவன். பேச்சில் மகா சிக்கனம். கழியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தான். "துணி காயப்போடலாம்," என்றான்.

தெற்கு ஜார்ஜியாவில், சட்டிலா ஆற்றங்கரையில், மூங்கில் கழியும் ஒரு டப்பா சிள்வண்டும் இருந்தால் மீன் கிடைக்கும். யாரும் அதற்கு மேல் யோசித்ததில்லை. நெல்டாவும் அப்படித்தான் சின்ன வயதிலிருந்து பிடித்து வந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு எட்டரைக்கெல்லாம் பஸ்ஸை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், மறுபடி இரண்டு மணிக்குத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ஐந்தரை மணி நேரம். வீட்டுக்குப் பின்னால் அரை மைல் நடந்தால் ஆறு.

வீசிப் பழகுவதற்குப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாள். புல் வெட்டுகிறவர்களும் வேலி அடிக்கிறவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன நெல்டா, யாவாரம் டல்லா? ஈ ஓட்டிக்கிட்டு இருக்க?"

"ஆமாண்டா, உன் தலையச் சுத்தித்தான் மொய்க்குது. குளிச்சுட்டு வா!"

ஒரு மாதம் காதிலும் தொப்பியிலும் முதுகிலும் முள் மாட்டிக்கொண்டது. பிறகு ஒருநாள் நூல் காற்றில் வளையமாகச் சுருண்டு விரிந்து, முனையில் இருந்த ஈ பஞ்சு மாதிரி புல்லின்மேல் இறங்கியது. வேலி அடிக்கிறவர்கள்கூட ஒரு நிமிஷம் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் மீனையே முதல்முதலாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். சிள்வண்டு போட்டுப் பிடிக்கும்போது மீன் இழுபட்டு வரும், கூடைக்குள் விழும், அவ்வளவுதான். பொய் ஈயைக் கவ்வ மீன் மேலே வந்தாக வேண்டும். தேயிலைச் சாறு நிறத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கங்கு எழும்பி வருவதுபோல் வரும். அந்த ஆற்று ஜனங்கள் அதைச் 'சேவல்' என்பார்கள். வசந்தத்தில் மணலைக் குழித்து முட்டைக்குக் காவல் இருக்கும் ஆண் மீன். கையகலம்தான் இருக்கும். நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் ஊதிவிட்ட அடுப்புத் தணல் போல ஒரு சிவப்பு. செவுளுக்குப் பின்னால் கறுப்பு நாடா ஒன்று காது மாதிரி நீண்டு நிற்கும்.

சேவல் சேர்ந்த சூரியமீன் குடும்பம் பெரிசு. அடிமரத்தை ஒட்டித் திரிகிற கட்டைத்தட்டி, நத்தை ஓட்டை நொறுக்கித் தின்கிற ஓடுடைச்சான், நெற்றியில் செம்புப் பட்டை கட்டிய நீலச்செவுளன், எப்போதும் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தது போல் சிவந்த கண்ணோடு முறைக்கிற பெருவாயன். ஊரில் எல்லாவற்றையும் 'பிரிம்' என்று ஒரே பெயரில் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டுவிடுவார்கள். நெல்டா ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, நனைத்து நனைத்துப் பார்த்தாள். ஒரே சேவல், வெள்ளை மணல் திட்டில் பிடித்தால் வெளிறி இருந்தது. சைப்ரஸ் வேர் நிழலில் பிடித்தால் கறுத்த செம்பாக இருந்தது. சில நாள் பஸ் எடுக்க நேரமாகிவிடும். தொப்பியில் ஈ குத்தியபடியே ஓட்டுவாள். "மிஸ் நெல்டா, தொப்பில பூச்சி!" என்று பிள்ளைகள் கத்தும்.

அவளுடைய அக்கா ரமோனா மிசௌரி மலைப்பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். அக்கா புருஷன் ஓர்வல் அங்கே பீப்பாய்ப் பலகை அறுக்கும் ஆலையில் இருந்தார். அவரும் ஈத்தூண்டில்காரர், ஈயைத் தானே கட்டுகிறவர். நெல்டா தூண்டிலைத் தொட்ட நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே ஒட்டுதல். தபாலில் ஈ போகும், வரும். அத்தானும் கொழுந்தியாளும் போனில் பிடித்துக்கொண்டால் ரமோனா சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் பேச்சு முடிந்திருக்காது.

அதெல்லாம் ஒரு மே மாதச் சனிக்கிழமை மத்தியானம் கெட்டது.

குடும்பம் மொத்தமும் வருஷத்துக்கு ஒருமுறை சர்ச் கூடத்தில் கூடிச் சாப்பிடும் நாள். நாற்பது பேர் இருப்பார்கள். நெல்டா இரண்டு நாளாகப் பாடுபட்டு இருபத்தைந்து சேவல் பிடித்து ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். ஓர்வல் சேவலை நேரில் பார்த்ததில்லை. எல்லாரையும் விலக்கிவிட்டு அவரைக் கூட்டிவந்து, பெட்டி மூடியைத் திறந்து காட்டினாள்.

ஓர்வல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இதுக்கா புள்ள இத்தன வருஷமா இந்தப் பீத்து பீத்துன? துருப்புடிச்ச தகரம் மாதிரி இருக்கு! எங்கூரு காதன் மீனு ஒண்ணப் பக்கத்துல வச்சா இதெல்லாம் வெறகுக்கட்ட."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெல்டாவுக்குக் காது மடல் சுட்டது. அவள் வாய் சும்மா இருக்கிற வாயா?

"உங்கூரு மீனுக்குக் காது இருந்து என்ன அத்தான் பண்றது? உங்களுக்குக் கண்ணு இல்லயே!"

இந்தத் தடவை கூடமே அதிர்ந்தது. ஓர்வல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த தட்டை ஓசைப்படாமல் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். ரமோனா போய்க் கூப்பிட்டும் வரவில்லை. இரண்டு நாள் தங்குவதாக வந்தவர்கள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு வெளையாட்டுக்குச் சொன்னா இவ்வளவு ரோஷமா?" என்று நெல்டா பொருமினாள். "அவரு என் மீன வெறகுக்கட்டைன்னா நான் கேட்டுக்கணும். நான் திருப்பிச் சொன்னா மட்டும் பொத்துக்கிட்டு வருதா?"

"ரெண்டும் மீனு," என்றான் ஹாலிஸ். "எண்ணெயில விழுந்தா கலரு கழண்டுரும்."

பன்னிரண்டு வருஷம் ஓடியது. அக்காவும் தங்கையும் வாராவாரம் பேசிக்கொண்டார்கள். ஓர்வல் அதற்கப்புறம் ஜார்ஜியா பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் நெல்டா தன் ஆற்றின் மிக அழகான சேவலைப் படம் பிடித்து, எழுத்து ஒன்றும் எழுதாமல், மிசௌரிக்குத் தபாலில் அனுப்பினாள். பதிலுக்கு ஜூன் மாதம் ஒரு காதன் படம் வரும். அதிலும் எழுத்து இருக்காது. நெல்டா அதைப் பார்க்காமலே மேஜை இழுப்பறையில் போட்டுவிடுவாள். அப்படித்தான் ஹாலிஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மே கடைசியில், பள்ளிக்கூடம் மூடிய அன்றைக்கு ரமோனா போன் செய்தாள். சர்ச் படியில் சறுக்கிக் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டதாம்.

"ஆறு வாரம் கால ஊனக் கூடாதாம் நெல்டா. உங்க அத்தான் சமையல சாப்ட்டா கால் ஆறும், வயிறு போயிரும். ரெண்டு வாரம் வந்து இரேன்."

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லட்டுமே. வீடு எனக்கும் வீடுதான்."

நெல்டா பெட்டியில் நாலு துணியை வைத்தாள். தூண்டிலை எடுத்து லாரி சீட்டுக்குப் பின்னால் வைத்தாள். ஹாலிஸ் பார்த்தும் பார்க்காதது போல் வாணலியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

ஒரு நாள் முழுக்க ஓட்டினால் போய்விடலாம். அவர்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. பாலம் வந்தால் நெல்டா, "கொஞ்சம் ஓரங்கட்டு ஹாலிஸ், கால் மரத்துப் போச்சு," என்பாள். மரத்துப்போன கால் நேரே தண்ணீருக்குள் போய் நிற்கும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மீன்பிடிச் சீட்டு எடுத்ததில் பர்ஸ் தடித்துப்போயிற்று.

அலபாமாவில் ஒரு ஓடையில் நீலச்செவுளன் மாட்டியது. நெல்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெற்றியில் அவள் ஊர்ச் செம்புப் பட்டையைக் காணோம். பதிலுக்கு நெஞ்சில் முட்டைக்கரு மஞ்சள். அதே மீன்தான், ஆனால் வேறு ஊர் உடுப்பு. அர்க்கன்சாவில் ஒரு கலங்கல் வாய்க்காலில் விரல் நீளத்தில் ஒரு சின்னஞ்சிறு சூரியமீன் வந்தது. வெள்ளி உடம்பெல்லாம் ஆரஞ்சுப் பொட்டு. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

"இது வளந்தா எவ்வளவு பெருசாகும்?" என்று ஹாலிஸ் கரையிலிருந்து கேட்டான்.

"இதான் வளந்தது."

"வறுத்தா பல்லு சந்துலகூட நிக்காதே," என்று லாரிக்குத் திரும்பிப் போனான்.

நெல்டா அந்தப் பொட்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உலகத்தில் சேவலுக்கு மேல் அழகு கிடையாது என்று பன்னிரண்டு வருஷமாகச் சாதித்த வாய் அது. வழியிலேயே இப்படி இருந்தால், போய்ச் சேருகிற இடத்தில் என்ன இருக்குமோ என்று அவளுக்குள் லேசாக ஒரு கலக்கம்.

ஓர்வல் வாசலில் நின்றிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று லாரியின் முன்சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார். "இருந்துச்சு," என்று நெல்டா கதவுக் கைப்பிடியிடம் சொன்னாள். மூன்று நாள் இப்படியே போயிற்று. உப்பு வேண்டுமென்றால்கூட ஓர்வல் ரமோனாவிடம் கேட்பார், ரமோனா நெல்டாவிடம் கேட்பாள்.

நெல்டா கோபத்தை வீட்டின்மேல் காட்டினாள். தேய்த்துத் துடைத்தாள். சன்னல் பளபளத்தது, அடுப்பு பளபளத்தது. சமையலறை மூலையில் அத்தான் ஈ கட்டும் மேஜை இருந்தது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன இடுக்கி, இறகுக் கட்டுகள், மரச் சட்டத்தில் செருகிய முப்பது நாற்பது நூல்கண்டுகள். எல்லாவற்றிலும் ஒரு அங்குலத் தூசி. கண்டுகள் முன்பின்னாக, ஒரு அழகும் இல்லாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவளுக்கு மனசு கேட்கவில்லை. துடைத்து, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை, வானவில் மாதிரி அடுக்கி வைத்தாள்.

நாலாம் நாள் காலையில் ரமோனா ஊன்றுகோலைத் தரையில் தட்டினாள்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என் வீட்டுக்குள்ள சுத்துனது போதும். கெளம்புங்க ஆத்துக்கு. ஹாலிஸ் என்கூட இருக்கட்டும், படி ஒண்ணு ஆடுது, அதச் சரி பண்ணச் சொல்றேன்."

பிக் பைனி ஆற்றில் தண்ணீர் கண்ணாடி. பத்தடி ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். சட்டிலாவின் தேயிலைத் தண்ணீரிலேயே வளர்ந்த நெல்டாவுக்கு, அடி தெரிகிற ஆற்றில் இறங்கவே கூச்சமாக இருந்தது. ஓர்வல் தொண்டையைக் கனைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஈயை எடுத்து நீட்டினார். விடியற்காலையிலேயே எழுந்து கட்டியது.

"இந்தா. உன் சேவலு நெஞ்சு இருக்குமே, அந்தச் செவப்புல கட்டினேன். இன்னிக்கு இதப் போடு."

நெல்டா வாங்கிப் பார்த்தாள். கிளிப்பச்சை.

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஆறு வாரம் காலை ஊன்ற முடியாத அக்காவை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். பச்சை ஈயை நூலில் கட்டிக்கொண்டு, கூழாங்கல் திட்டின் கோடிக்கு நடந்தாள்.

அங்கே தண்ணீருக்கடியில், வட்ட வட்டமாகத் தட்டு அடுக்கியது போலக் கூடுகள். ஒவ்வொரு தட்டுக்கு மேலும் ஒரு நிழல் காவல் நின்றது. வீசினாள். ஈ விழுந்த வட்டம் அடங்குவதற்குள் ஒரு நிழல் பாய்ந்தது. கழி வளைந்தது. கையகல மீன், கைக்கு அடங்காத முரட்டுத்தனம். சுற்றிச் சுற்றி இழுத்துக் கடைசியில் உள்ளங்கைக்குள் வந்தது.

காதன்.

படத்தில் பார்த்திருக்கிறாள். பார்க்காமலே இழுப்பறையில் போட்டதாகச் சொன்ன அத்தனை படத்தையும் பார்த்திருக்கிறாள். படமெல்லாம் ஒன்றுமே இல்லை. வயிறு பழுத்த ஆரஞ்சு. முதுகெங்கும் மயில்கழுத்து நீலத்தைத் தூரிகையில் தொட்டு உதறியது போலத் துளித்துளி. கன்னத்தில் அதே நீலம் நெளிநெளியாக ஓடியது. வெள்ளை விளிம்பு கட்டிய நீளக் கறுப்புக் காது. நெல்டா மூச்சு விடவும் மறந்து நின்றாள். அவளுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். அத்தான் பார்ப்பதற்குள் இதை விட்டுவிட வேண்டும்.

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?" ஓர்வல் முழங்கால் தண்ணீரில் தடதடவென்று வந்துகொண்டிருந்தார். "காதன்தானே? காட்டு. பாத்தியா, தங்கத்துல நீலத்தத் தெளிச்சா மாதிரி! நான்தான் சொன்னேனே. செவப்பு ஈக்கு இவனுங்க எப்பவும் ஓடி வருவானுங்க."

அவ்வளவுதான். மீன் நெல்டாவின் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

"யார அத்தான் கிண்டல் பண்றீங்க? பச்ச ஈயக் கையில குடுத்துட்டு, சேவல் நெஞ்சுங்கறீங்க, செவப்புங்கறீங்க. பன்னெண்டு வருஷம் கழிச்சு வீடு தேடி வந்தவள இப்பிடித்தான் குத்திக் காட்டணுமா? எங்கூரு மீனு அசிங்கமாவே இருந்துட்டுப் போகட்டும்!"

ஓர்வல் கிட்டே வந்தார். நூல் முனையைப் பிடித்து ஈயைத் தூக்கினார். வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் வெயிலுக்கு.

"பச்சயா இது?" என்று கேட்டார்.

அந்தக் குரலில் கேலி இல்லை. நெல்டா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இது சிவப்பு, இது பச்சை, இது மஞ்சள் என்று சொன்னால்தான் அவளுக்கு வண்டி. அந்தச் சோதனை எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"அத்தான்... உங்களுக்கு..."

"நூல் சட்டத்துல மூணாவது குச்சில செவப்பு இருக்கும். எப்பவும் மூணாவதுதான்." அவர் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். "எவனோ மாத்தி வச்சுட்டான்."

"நான்தான் மாத்தினேன். தூசி தொடச்சேன்."

ஓர்வல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார். பத்தொன்பது வயதில் விமானப் படையில் சேரப் போனாராம். புள்ளிப் புள்ளியாக ஒரு புஸ்தகத்தை விரித்து, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்களாம். ஒரு எண்ணும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

"அன்னிக்கு அந்தப் பொட்டியத் தொறந்து காட்டின. சத்தியமா எனக்கு ஒரு அழுக்குப் பழுப்புதான் தெரிஞ்சுது. கண்ணுல பட்டதச் சொன்னேன். நீ ஒடனே நாப்பது பேருக்கு நடுவுல, உங்களுக்குக் கண்ணு இல்லயேன்ன. தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்றியோன்னு நெனச்சேன். அப்புறம் இல்லன்னு புரிஞ்சுது. ஆனா வந்து என்னன்னு சொல்றது? கொழுந்தியா சொன்னது நெசந்தான்னா?"

நெல்டா பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருஷக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைக்க இடமும் இல்லை, பிடித்துக்கொள்ள ஆளும் இல்லை.

"மன்னிச்சுக்குங்க அத்தான்."

"நீ என்ன பண்ணுவ? உனக்குத் தெரியுமா?"

கூட்டில் காவல் நின்ற மீன்கள் நிழலுக்குப் பழகித் திரும்பி வந்தன.

"அப்ப என் பஸ்ஸ நிறுத்துனா ஒரு செவப்பு லைட்டு எரியுமே, அது?"

"மினுக்குமில்ல. மினுக்குனா நின்னுருவேன்."

"நல்லவேள! எங்கூர்ல கண்ணு நல்லாத் தெரியறவனுங்களே நிக்கறதில்ல."

ஓர்வலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் கையைத் தட்டி, "ரமோனாகிட்ட மூச்சு விட்டுராத. அவ பாதம்னு நம்பிக்கிட்டு இருக்கா," என்றார். நெல்டா சத்தியம் செய்து கொடுத்தாள். பிறகு உண்மையையும் சொல்லித் தொலைத்தாள். "உங்க காதன் அழகுதான் அத்தான். நான் அசந்துட்டேன்." அதற்கு அவர் ரொம்ப நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஓர்வல் கொல்லைப்பக்கம் தூண்டிலைக் கழுவப் போனார். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ரமோனா, நெல்டாவின் தொப்பியில் குத்தியிருந்த ஈயைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அது யாரு கட்டினது?"

"அத்தான்தான்."

"இந்தப் பச்சைல அவரு கட்டினதே இல்லயே..." ரமோனா சட்டென்று நிமிர்ந்தாள். "அடிப்பாவி! அந்த மேசையத் தொட்டியா?"

நெல்டா திருதிருவென்று விழித்தாள்.

"முழிக்காத. கல்யாணமாகி மூணாம் மாசமே எனக்குத் தெரியும். ஒரு கூடை நெறைய தக்காளிக்காயப் பறிச்சுக் கொண்டாந்து, பழுத்துருச்சு பாருன்னு குடுத்த மனுஷன். அதனாலதான் அந்த மேசைய மட்டும் முப்பத்தாறு வருஷமா நான் தொடச்சதே இல்ல."

"அப்ப ஏங்க்கா கேக்கல?"

"அவரா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. நாளானதும் கேக்க ஒரு மாதிரி ஆயிருச்சு. தட்டைப் பாதம்னு சொல்லிட்டாரேன்னு வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு மெத்து மெத்துன்னு ஷூ வாங்கித் தரேன். அதையும் போட்டுக்கறாரு பாவம். சரி சரி, அந்தச் சட்டத்த இப்பிடிக் கொண்டா, அவரு வர்றதுக்குள்ள."

கொல்லையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, தங்கை கண்டுகளை மாற்றிச் செருகினாள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பிறகு இரண்டு பழுப்பு, ஒரு சாம்பல். ஹாலிஸ் படிக்கு ஆணி அடித்துக்கொண்டே சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தான்.

இந்த வருஷம் மே மாதம் ரமோனாவும் ஓர்வலும் சட்டிலாவுக்கு வந்தார்கள். குடும்பம் கூடும் சனிக்கிழமை விடியலிலேயே நெல்டா அத்தானை மணல் திட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஓர்வலின் மூன்றாவது வீச்சில் ஒரு சேவல் ஏறியது. நல்ல ஜாதிச் சேவல். உயிரோடு அவர் கையில் ஏந்தியது அதுதான் முதல் தடவை. நெல்டா பக்கத்தில் நின்று கைகளைப் பிசைந்தாள். அந்தச் சிவப்பை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று இரவெல்லாம் யோசித்து, ஒன்றும் கிடைக்காமல் வந்திருந்தாள்.

ஓர்வல் மீனை முகத்தருகே கொண்டுபோனார்.

"ஏ புள்ள, இதுக்கு நீலம் இருக்குன்னு நீ சொல்லவே இல்லயே?"

"எங்க நீலம்?"

"கன்னத்துல பாரு. வாயிலேருந்து கண்ணுக்குக் கீழ, கோடு கோடா, அல மாதிரி."

நெல்டா குனிந்தாள். மெல்லிய நாலைந்து நீலக் கோடுகள், நகத்தால் கீறினாற்போல் நெளிந்து ஓடின. பதினைந்து வருஷமாக எத்தனை ஆயிரம் சேவலைக் கையில் எடுத்திருப்பாள்! தணல் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கன்னம் கண்ணில் பட்டதே இல்லை. "அட!" என்றாள். இன்னொரு மீன் பிடித்துப் பார்த்தார்கள். அதற்கும் இருந்தது. அடுத்ததற்குக் கோடு இன்னும் அடர்த்தி.

சர்ச் கூடத்தில் சாப்பாட்டுக்கு நடுவில், பழைய கதை தெரிந்த ஒரு சித்தப்பா ஆரம்பித்தார். "என்ன ஓர்வல், இப்பவாச்சும் எங்க சேவலு அழகுன்னு ஒத்துக்கறியா?"

ஓர்வல் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்குச் செவப்பு தெரியாது. பொறந்ததுலேருந்தே தெரியாது. இருக்கட்டும். அதுக்குக் கன்னத்துல நீலக்கோடு இருக்கே, உங்கள்ல எத்தன பேரு பாத்திருக்கீங்க?"

நெல்டா அக்காவைப் பார்த்தாள். ரமோனா சோளரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"அப்பாடா, இனிமே ஷூ வாங்க வேண்டியதில்ல," என்றாள்.

ஓர்வல் வாயைப் பிளந்து நின்றார். நெல்டா முதலில் சிரித்தாள், அப்புறம் காரணம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமாக எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சித்தப்பா விடுகிற ஆளில்லை. ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு மீனை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். "கோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவனுக்கு மறுபடி கண்ணுல கோளாறு."

"ஐஸ்ல போட்டதுல எப்பிடிங்க தெரியும்? உயிரோட பாக்கணும்," என்றாள் நெல்டா.

"அப்ப காட்டு."

"வாங்க காட்டறேன்."

முதலில் நாலு பேர்தான் எழுந்தார்கள். பிறகு பத்துப் பேர். கடைசியில் பாதிக் கூட்டம் தட்டும் கையுமாக, இனிப்புத் தேநீர் தம்ளர் சிந்தச் சிந்த, பைன் மரங்களுக்கு நடுவே ஆற்றுக்கு நடந்தது. சர்ச்சுக்குப் போடும் செருப்பு மணலில் புதைந்ததால் பெண்கள் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ரமோனாவை ஹாலிஸ் கைத்தாங்கலாக அழைத்து வந்து ஒரு அடிமரத்தில் உட்கார வைத்தான்.

நெல்டா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இருபது பேர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஆயுசில் இத்தனை பேர் முன்னால் வீசியதில்லை. நூலைப் பின்னால் வீசி, முன்னால் தள்ளினாள். ஈ போய் ஒரு சைப்ரஸ் கிளையில் சிக்கிக்கொண்டது.

"நான் பாத்துட்டேன்!" என்று கரையிலிருந்து சித்தப்பா கத்தினார். "நீலமாத்தான் இருக்கு, அந்த மரம்!"

நெல்டா நூலை வெடுக்கென்று இழுத்தாள். நூல் வந்தது, ஈ கிளையிலேயே தங்கிவிட்டது. ஓர்வல் சட்டைப் பையில் கைவிட்டபடி தண்ணீருக்குள் இறங்கி வந்தார், வேறு ஈ ஒன்று கொடுப்பதற்காக.